சுவீடன் சுகாதாரப் பதிவேடுகளை வைத்து ஆய்வு: புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

சுவீடனுக்குப் பிஎச்டி, போஸ்ட்டாக் என்று வந்து சேரும் நம்மவர்கள் பலரும் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மருத்துவப் பதிவுகள் இங்கே தயாராக இருக்கின்றன, கேட்டால் தருவார்கள், உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி என்று. பதிவுகள் இருப்பது உண்மை, தருவார்கள் என்பதும் உண்மை. ஆனால் கேட்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே ஒரு வருடம் ஓடிவிடலாம். அது உங்கள் பிஎச்டிக் காலத்திலிருந்துதான் கழியும். யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்ல ஆளில்லாமல், அலுவலகம் அலுவலகமாக மின்னஞ்சல் அனுப்பித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையின் உயிர்நாடி உங்கள் மாறிப் பட்டியல் (மாறி என்றால் வேரியபிள்). எந்தப் பதிவேட்டிலிருந்து, எந்த ஆண்டுகளுக்கு, எந்தெந்த விவரம் வேண்டும் என்று எழுதிய பட்டியல் அது. நெறிமுறை அனுமதி, செலவு, காத்திருக்கும் காலம் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. பட்டியல் தெளிவாக இல்லாதவரை எந்த விண்ணப்பத்தையும் அனுப்பாதீர்கள்.

1. எந்தப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பதிவேடுகளையும் கோக்கும் நூல், 1947 முதல் வழங்கப்பட்டுவரும் தனிநபர் எண், அதாவது பெர்சூன்நும்மர். மருத்துவமனை, மருந்தகம், வரி அலுவலகம், பள்ளி எங்கும் ஒரே எண். அதனால்தான் ஒருவரின் மருந்துச்சீட்டையும் அவரது கல்வித் தகுதியையும் மரண விவரத்தையும் இணைக்க முடிகிறது. அந்த எண் உங்கள் கைக்கு வராது. அதற்குப் பதிலாக ஒரு வரிசை எண்ணைப் போட்டுத் தருவார்கள்.

நீங்கள் முக்கியமாகப் பழக வேண்டிய அலுவலகங்கள் இரண்டு. ஒன்று, தேசியச் சுகாதார, நல வாரியமான சோஷியால்ஸ்டீரெல்சென். நோயாளர் பதிவேடு, மரணக் காரணப் பதிவேடு, புற்றுநோய்ப் பதிவேடு, மகப்பேற்றுப் பதிவேடு, மருந்துப் பதிவேடு எல்லாம் இங்கே. இரண்டாவது, புள்ளியியல் அலுவலகமான எஸ்சிபி. மொத்த மக்கள்தொகைப் பதிவேடு, பெற்றோர் பிள்ளைகளை இணைக்கும் பல தலைமுறைப் பதிவேடு, கல்வி, வருமானம், வேலை விவரங்கள் கொண்ட லீசா தரவுத்தளம் எல்லாம் அங்கே.

இவை போகச் சுமார் நூறு தேசியத் தரப் பதிவேடுகள் உண்டு. இதய நோய்க்கு ஸ்வீட்ஹார்ட், பக்கவாதத்துக்கு ரிக்ஸ்ஸ்ட்ரோக், நீரிழிவுக்கு என்டிஆர் என்று நோய்க்கு ஒன்றாக, மருத்துவர்கள் நடத்துபவை. புகைபிடிக்கும் பழக்கம், ரத்த அழுத்தம், ஆய்வகப் பரிசோதனை முடிவு போன்ற சிகிச்சை அறை விவரங்கள் வேண்டுமென்றால் இவைதான் வழி. நோயாளர் பதிவேட்டில் அவை கிடையாது.

எந்த மாறி எங்கே இருக்கிறது என்று தேட, சுவீடன் ஆராய்ச்சி மன்றம் நடத்தும் ரூட் என்ற கருவி இருக்கிறது. இலவசம். பட்டியல் எழுதும் முன் அதில் ஒரு வாரம் செலவிடுங்கள்.

2. ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. ஒவ்வொரு பதிவேடும் வேறு வேறு ஆண்டில் தொடங்கியது. தொடங்கிய ஆண்டும் நாடு முழுவதும் பரவிய ஆண்டும் ஒன்றல்ல.

நோயாளர் பதிவேடு 1964இல் தொடங்கினாலும், உள்நோயாளிகளை நாடு முழுவதும் பிடித்தது 1987 முதல்தான். சிறப்பு மருத்துவப் புறநோயாளிகள் 2001 முதல். இதைக் கவனிக்காமல் 1995 முதல் 2010 வரை ஒரு நோயின் புதிய நோயாளிகளை எண்ணினால், 2001இல் அந்த நோய் திடீரென்று பெருகியதுபோல் ஒரு கோடு எழும். பெருகியது நோயல்ல, பதிவு.

மருந்துப் பதிவேடு 2005 ஜூலை முதல் ஆள்வாரியாக இருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடு 1958 முதல், மகப்பேற்றுப் பதிவேடு 1973 முதல், லீசா 1990 முதல். பல தலைமுறைப் பதிவேட்டில் 1932இலும் அதற்குப் பிறகும் பிறந்து, 1961 முதல் ஏதோ ஒரு காலத்தில் சுவீடனில் பதிவானவர்கள் இருப்பார்கள்.

நோய்க் குறியீடும் நடுவே மாறியிருக்கிறது. ஐசிடி என்ற சர்வதேச நோய்க் குறியீட்டு முறையில் 1969 முதல் 1986 வரை எட்டாம் பதிப்பு, 1987 முதல் 1996 வரை ஒன்பதாம் பதிப்பு, 1997 முதல் பத்தாம் பதிப்பு. ஸ்கோனெ மாநிலம் மட்டும் பத்தாம் பதிப்புக்கு ஒரு வருடம் தாமதமாக, 1998இல் மாறியது. சுவீடனின் ஒன்பதாம் பதிப்பில் குறியீடுகள் எழுத்தில் முடியும். வேறு நாட்டு ஆய்வுக் கட்டுரையின் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் பாதி நோயாளிகள் விடுபட்டுப் போவார்கள்.

3. பதிவேட்டில் எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இருப்பதைவிட இல்லாதது முக்கியம், ஏனென்றால் இல்லாததைப் பற்றி எந்த விண்ணப்பப் படிவமும் உங்களை எச்சரிக்காது.

தேசிய நோயாளர் பதிவேட்டில் ஆரம்பச் சுகாதார நிலையங்களின் பதிவுகள் இல்லை. ரத்த அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, லேசான மனச்சோர்வு போன்றவற்றில் பெரும்பகுதியைப் பார்ப்பது அந்த நிலையங்கள்தான். அவை வேண்டுமென்றால் மாநில நிர்வாகங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டாக்ஹோம் மாநிலத்தின் வால் தரவுத்தளத்தில் ஆரம்பச் சுகாதாரப் பதிவுகளும் உண்டு. 21 மாநிலங்களையும் கேட்பது உங்கள் பிஎச்டிக் காலத்துக்குள் முடிகிற காரியமல்ல. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருந்துப் பதிவேடு என்பது மருந்துச்சீட்டுக்கு மருந்தகத்தில் வாங்கிய மருந்தின் பதிவு. மருத்துவமனைக்குள் ஏற்றிய ஊசி, சீட்டில்லாமல் கடையில் வாங்கிய வலி மாத்திரை அதில் வராது. வாங்கியவர் விழுங்கினாரா என்பதும் தெரியாது. எதற்காக எழுதிக் கொடுத்தார்கள் என்ற காரணமும் பகுப்பாய்வு செய்கிற வடிவில் இருக்காது.

நம்மவர்கள் பலரும் கேட்கும் இன்னொன்று: சுவீடனில் வாழும் தமிழர்களின் நீரிழிவை, இதய நோயை ஆராய முடியுமா? சுவீடன் பதிவேடுகளில் இனம், மதம், தாய்மொழி எதுவும் கிடையாது. பிறந்த நாடு உண்டு. இலங்கையில் பிறந்தவர்களை எடுத்தால் தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் சேர்ந்தே வருவார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால் சொல்லவே வேண்டாம். பல தலைமுறைப் பதிவேட்டின் வழியே, பெற்றோர் பிறந்த நாட்டை வைத்து இங்கே பிறந்த பிள்ளைகளைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். இந்தக் கேள்வி செய்யத் தகுந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் தலைப்பில் ‘இலங்கையில் பிறந்தவர்கள்’ என்று எழுதுங்கள், ‘தமிழர்கள்’ என்று எழுதாதீர்கள்.

குடியேறியவர்களைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் ஒரு பொறி உண்டு. நாட்டை விட்டுப் போகும்போது தெரிவிக்காமல் போனவர்கள் பதிவேட்டில் தொடர்ந்து ‘வாழ்ந்துகொண்டே’ இருப்பார்கள். அவர்களுக்கு நோயும் வராது, சாவும் வராது. குடியேறியவர்களின் இறப்பு விகிதம் குறைவாகத் தெரிவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. பல ஆண்டுகளாக வருமானமும் மருத்துவமனைப் பதிவும் எதுவுமே இல்லாதவர்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். அதற்காகவே லீசாவின் வருமான மாறிகளைப் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள்.

4. கேள்வியை மாறிகளாக உடையுங்கள்

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ‘மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்கள் விரைவில் இறக்கிறார்களா?’ இது பேச்சுக்கான கேள்வி. விண்ணப்பத்துக்கான கேள்வி இப்படி இருக்கும்.

மாரடைப்பு என்றால்: நோயாளர் பதிவேட்டில் உள்நோயாளி, முதன்மை நோயாக ஐ21 குறியீடு. முதல் மாரடைப்பு மட்டும் என்றால், அதற்கு முந்தைய பதிவுகளும் வேண்டும், 1987 வரை பின்னால் போக. மனச்சோர்வு என்றால்: எஃப்32, எஃப்33 குறியீடுகள் போதாது, ஏனென்றால் பெரும்பாலோர் ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு நின்றுவிடுவார்கள். ஆகவே மருந்துப் பதிவேட்டில் என்06ஏ பிரிவு மருந்துகளும், அதாவது மனச்சோர்வு மருந்துகளும் வேண்டும். அதில் வலிக்குக் குறைந்த அளவில் தரும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்து வரும். அதைப் பிரிக்க, மருந்துகளை வகைப்படுத்தும் ஏழெழுத்து ஏடிசி குறியீடும் மாத்திரையின் வலிமையும் வேண்டும். மருந்துப் பதிவேடு 2005 ஜூலையில்தான் தொடங்குகிறது. ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களை நீக்க ஒரு வருட இடைவெளி விட்டால், உங்கள் ஆய்வுக் காலம் 2006 ஜூலையில் தொடங்கும்.

இப்படி எழுதியபிறகுதான் பட்டியல் உருவாகிறது. ஒவ்வொரு மாறிக்கும் நேராக ‘ஏன் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத மாறியை அடித்துவிடுங்கள். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டும் மாதமும் போதுமா, ஊருக்குப் பதில் மாநிலம் போதுமா என்று யோசியுங்கள். குறைவாகக் கேட்பவருக்கு அதிகாரிகளின் கேள்விகளும் குறைவு. அதே நேரம், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டால் பின்னால் சேர்ப்பதற்கு முழு வரிசையிலும் மறுபடி நிற்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு மருத்துவரையும் ஒரு புள்ளியியலாளரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். இதற்குச் செலவிடும் மாதம் வீணல்ல.

5. நெறிமுறை அனுமதி

உடல்நலத் தரவு என்பதால், பெயரை நீக்கி வரிசை எண் போட்டிருந்தாலும் அனுமதி கட்டாயம். 2019 முதல் நாடு முழுமைக்கும் ஒரே நெறிமுறை ஆணையம். தலைமையகம் உப்சாலாவில். அனுமதி கிடைக்கும் முன் தரவைத் தொடக்கூடாது. வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்டால் தரமாட்டார்கள். 2020 முதல் இந்தச் சட்டத்தை மீறுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு.

பிஎச்டி மாணவர் பொறுப்பு ஆய்வாளராக இருக்க முடியாது. பெரும்பாலும் உங்கள் சூப்பர்வைசர் பெயரில் போகும். விண்ணப்பம் சுவீடிஷ் மொழியில் இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அந்த மொழி தெரிந்த ஒருவரின் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வரும்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆய்வுத் திட்டம், மாறிப் பட்டியல், பொறுப்பு ஆய்வாளரின் தன்விவரம், பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவரின் ஒப்புதல் (பல இடங்களில் துறைத் தலைவர்), தரவை எங்கே, எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற விளக்கம். லட்சக்கணக்கானோரிடம் தனித்தனியாகச் சம்மதம் கேட்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அதை நீங்கள் காரணம் காட்டி எழுத வேண்டும்.

விண்ணப்பம் முழுமையாகி, கட்டணமும் செலுத்திய பிறகு 60 நாட்களுக்குள் முடிவு சொல்வது விதி. ‘முழுமையாகி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்காது.

இங்கே ஒரு யோசனை: எதிர்காலத்தில் இரண்டு மூன்று கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால், அவற்றுக்கான கேள்விகளையும் மாறிகளையும் முதல் விண்ணப்பத்திலேயே சேருங்கள். அனுமதியில் இல்லாத கேள்விக்கு அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாது. திருத்த விண்ணப்பம் போடலாம், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு.

6. தரவுக்கான விண்ணப்பம்

நெறிமுறை அனுமதி வந்துவிட்டது, இனி தரவு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு அலுவலகமும் தன் பங்குக்கு, இந்தத் தரவை உங்களுக்குத் தந்தால் தனிநபருக்குப் பாதிப்பு வருமா என்று இரகசியக் காப்புச் சட்டப்படி தனியாகப் பரிசீலிக்கும். நெறிமுறை ஆணையம் சரி என்றாலும் அவர்கள் மறுக்கலாம், அல்லது குறைத்துத் தரலாம்.

இணைப்பு நடப்பது இப்படி. ஒரு அலுவலகம் உங்கள் ஆய்வுக்கான மக்களை அடையாளம் காணும். நம் உதாரணத்தில் மாரடைப்பு நோயாளிகளைச் சுகாதார வாரியம் கண்டெடுக்கும். ஒப்பீட்டுக்கு அதே வயது, பாலினம், ஊரைச் சேர்ந்தவர்கள் வேண்டுமென்றால், மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து எஸ்சிபி எடுக்கும். பிறகு தனிநபர் எண்ணுக்கு ஒரு வரிசை எண் ஒதுக்கி, எந்த எண் யாருடையது என்று காட்டும் திறவுகோலை அலுவலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். எல்லா இடத்திலிருந்தும் ஒரே வரிசை எண்ணோடு கோப்புகள் உங்களுக்கு வரும்.

எந்த அலுவலகத்தில் தொடங்கி எதில் முடியும் என்று ஒரு படம் வரைந்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். அதிகாரியின் முதல் கேள்வியே அதுதான். தரப் பதிவேடு ஒன்றும் சேர்ந்தால் அதன் நிர்வாகக் குழுவிடமும், தரவுக்குப் பொறுப்பான மாநில நிர்வாகத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள். குழுவில் இருப்பவர்கள் மருத்துவர்கள், கேள்வி நன்றாக இருந்தால் ஆர்வத்தோடு உதவுவார்கள்.

எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்று போனால் காத்திருப்பு அடுக்கடுக்காகக் கூடும்.

திறவுகோலைச் சேமித்து வைக்கும்படி விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் ஒரு காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். அழித்தபின் பழைய தரவோடு புதிய ஆண்டுகளைச் சேர்க்க வழியே இல்லை.

7. செலவு

நெறிமுறைக் கட்டணம் நான் பார்த்த காலத்தில் ஒரே நிறுவனம் செய்யும் ஆய்வுக்கு 5,000 குரோனா, திருத்தத்துக்கு 2,000. விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவு தரவுக்குத்தான். பதிவேடு இலவசம், ஆனால் எடுத்துத் தரும் அதிகாரியின் மணிநேரத்துக்குக் கட்டணம். பட்டியல் சிக்கலானால் மணிகள் கூடும். இரண்டு மூன்று பதிவேடுகளை இணைக்கும் ஆய்வு லட்சம் குரோனாவைத் தாண்டுவது வழக்கமானதுதான். பட்டியல் கொடுத்தால் மதிப்பீடு அனுப்புவார்கள். பணம் யார் கணக்கிலிருந்து போகும் என்று சூப்பர்வைசரிடம் சேரும்போதே கேளுங்கள். ஆய்வு நிதி விண்ணப்பங்களில் ‘பதிவேட்டுச் செலவு’ என்று தனி வரி போடச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: உங்கள் துறையில் ஏற்கெனவே இணைத்து வைத்த தரவு இருக்கிறதா? பெரிய பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இருக்கும். அனுமதியைத் திருத்தி அதில் சேர்ந்துகொள்ள முடிந்தால் பணமும் ஒரு வருடமும் மிச்சம். முதல் கட்டுரைக்கு இதையே பரிந்துரைப்பேன்.

8. மோனாவுக்குள் வேலை செய்வது

எஸ்சிபி தரும் ஆள்வாரித் தரவு பொதுவாக உங்கள் கணினிக்கு வராது. மோனா என்ற அவர்களின் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து அங்கேயே வேலை செய்ய வேண்டும். ஆர், ஸ்டேட்டா, சாஸ் போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் உள்ளே உண்டு. உள்ளே இணையம் கிடையாது, ஆகவே ஒரு புதிய பேக்கேஜை இணையத்திலிருந்து நேராக இறக்க முடியாது. வெளியே எடுத்துவர அனுமதி உள்ளது தொகுத்த முடிவுகளுக்கு மட்டும். ஒரே ஒரு ஆளின் தரவு வெளியே வந்தாலும் கடுமையான மீறல், உங்கள் குழு முழுவதன் அனுமதியும் நிற்கலாம்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து உள்ளே நுழையக்கூடாது. டிசம்பரில் ஊருக்குப் போய் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து பகுப்பாய்வை முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். விடுமுறைக்கு முன் அட்டவணைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, ஊரில் எழுதும் வேலையை மட்டும் பாருங்கள். இந்தியாவில் இருக்கும் சக ஆய்வாளரைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் கடினம். அவர் முடிவுகளைப் பார்க்கலாம், தரவைப் பார்க்க முடியாது.

9. தரவு வந்ததும் செய்ய வேண்டியவை

ஆசையாகப் புள்ளியியல் மாதிரியை ஓட்டத் தொடங்காதீர்கள். முதலில் ஆண்டுவாரியாக எண்ணுங்கள். எந்த ஆண்டில் திடீர் ஏற்றம், எந்த மாநிலத்தில் திடீர் பள்ளம் என்று பாருங்கள். அடுத்து, இறந்த தேதிக்குப் பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்கள் இருக்கிறார்களா, ஒரே வரிசை எண்ணுக்கு இரண்டு பிறந்த ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கேட்ட மாறிகள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பட்டியலோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் உடனே எழுதுங்கள்.

நாட்டை விட்டுப் போனவர்களைப் போன தேதியில் கணக்கிலிருந்து நிறுத்த வேண்டும். மருந்து தொடங்கியவர் என்று ஒருவரைப் பிரிக்கும்போது, மருந்து வாங்கும் நாள்வரை அவர் உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாரடைப்பு நாளிலிருந்தே அவரை ‘மருந்து எடுத்தவர்’ கணக்கில் வைத்தால், மருந்து உயிரைக் காப்பாற்றியதுபோல் பொய்யான முடிவு வரும். பதிவேட்டு ஆய்வுகளில், பத்திரிகைக்காகக் கட்டுரையை மதிப்பிடும் விமரிசகர்கள் முதலில் தேடும் பிழை இதுதான்.

நோயாளர் பதிவேட்டின் நோய்க் குறியீடுகளில் பெரும்பாலானவை 85 முதல் 95 விழுக்காடு சரி என்று 2011இல் வந்த ஒரு மதிப்பாய்வு சொன்னது. அது பொதுக் கணக்கு. உங்கள் நோய்க்கு எவ்வளவு என்று தனியே தேடிப் படித்து, கட்டுரையில் எழுதுங்கள்.

10. வெளியிடும்போதும் முடிக்கும்போதும்

பதிவேட்டுத் தரவைப் பயன்படுத்திய ஆய்வுகளுக்கென்று 2015இல் வந்த ரெக்கார்ட் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றுங்கள். பயன்படுத்திய எல்லாக் குறியீடுகளையும் இணைப்பில் கொடுங்கள். ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கை உள்ள கட்டங்களை அட்டவணையில் காட்டாதீர்கள். ‘தரவைப் பொதுவில் வையுங்கள்’ என்று பத்திரிகை கேட்டால், சட்டப்படி முடியாது, உரிய அனுமதியோடு அதே அலுவலகங்களிடம் விண்ணப்பித்துப் பெறலாம் என்று எழுதுங்கள். ஏற்றுக்கொள்வார்கள்.

டென்மார்க், நார்வே, பின்லாந்து செல்பவர்களுக்கும் மேலே சொன்ன ஒழுங்கு பெரும்பாலும் பொருந்தும், வாசல்தான் வேறு. பின்லாந்தில் ஃபின்டேட்டா என்ற ஒரே அனுமதி அலுவலகம் இருக்கிறது. டென்மார்க்கில், அங்கே அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் நுழைய முடியும்.

மோனா கணக்குக்குக் கட்டணம் தொடர்ந்து ஓடும். ஆனால் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்படும் வரை மூடிவிடாதீர்கள். விமரிசகர் புதிதாக ஒரு பகுப்பாய்வு கேட்பார். மூடிய திட்டத்தைத் திறக்க மறுபடி கடிதப் போக்குவரத்து. வேலையை விட்டுக் கிளம்பும்போது நிரல்களையும் மாறிப் பட்டியலையும் அனுமதிக் கடிதங்களையும் துறையில் ஒப்படைத்துவிடுங்கள். அந்தத் தரவுக்குப் பொறுப்பு பல்கலைக்கழகம்தான். அடுத்து வரும் மாணவர் அதே தரவில் வேலை செய்ய, முதலில் கேட்கப் போவது அந்தக் கடிதங்களைத்தான்.